நாடகத்திற்கு இனி நாமே பணம் திரட்டலாம்

ஆங்கிலத் துறை என்றால் நூலகமும் கட்டுரையும்தான் என்று வீட்டில் நினைக்கிறார்கள். எங்கள் துறையின் கலகலப்பெல்லாம் மாலை நாடக ஒத்திகையில்தான். மண்டபம், விளக்கு, உடை எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். மாணவர்கள் சொந்தமாகப் பணம் திரட்டுவதை ‘ஆக்கு’ எனப்படும் பல்கலைக்கழகச் சட்டம் நீண்டகாலம் தடுத்து வந்தது. 2024இல் நடப்புக்கு வந்த திருத்தம், மாணவர் அமைப்புகள் பணம் திரட்டி நிர்வகிக்க வழிவிட்டது.

பணம் நம் கையில் இருந்தால், எந்த நாடகம் என்பதிலும் நம் பேச்சு எடுபடும். எனக்குப் பெரிதாகப் படுவது அதுதான். மலாயாப் பல்கலைக்கழக ஆங்கிலத் துறையில் கற்பித்த கே.எஸ்.மணியம், கெடா மாநிலத்தின் பீடோங்கில் பிறந்தவர். 1981இல் ‘தி ரிட்டர்ன்’ நாவலைத் தந்த அவர், தோட்டத் தமிழர் வாழ்வை ஆங்கில நாடகமாகவும் எழுதினார். எங்கள் துறையில் அவரைப் படிக்கிறோம், மேடையேற்றுவதில்லை. ஷேக்ஸ்பியர் என்றால்தான் கூட்டம் சேருமாம்!

இதற்குத் துறையை மட்டும் குறைசொல்ல எனக்கு மனமில்லை. பொங்கல் விழாவுக்குத் திரளும் நம் மாணவர்கள் துறைக் கழகத் தேர்தலில் நிற்பதில்லை. நாடகத்தைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் பொருளாளருக்கும் ஓர் இடம் உண்டு. இத்தவணை எங்கள் கழகத்தில் அந்தப் பதவிக்கு இன்னும் யாரும் பெயர் கொடுக்கவில்லை.