மனப்பிணிக்குத் தக்க வைத்தியரைத் தேர்தல்

மக்களைப் பற்றும் நோய்களை உடற்பிணி, மனப்பிணி என இருவகையாகப் பகுத்துரைத்தல் நம் நாட்டில் நெடுங்கால வழக்கமாகும். ஆயினும், முன்னதற்கு வைத்தியரை நாடுவோர் பின்னதற்கு நாடுவதில்லை. காய்ச்சல் மூன்று நாள் நீடித்தால் உடனே சேலத்துக்குப் பேருந்து ஏறும் பெற்றோர், மகன் மூன்று திங்கள் உறக்கமின்றிக் கிடப்பினும், 'வயதுக் கோளாறு. தானே சரியாகிவிடும்' என்று வாளா இருப்பர். 2015-16-ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடைபெற்ற தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோருள் நூற்றுக்கு 10.6 பேர் அக்காலத்தே ஏதேனும் ஒரு மனப்பிணிக்கு ஆளாகியிருந்தனர் என்றும், அன்னோருட் பெரும்பாலார் யாதொரு சிகிச்சையும் பெற்றிலர் என்றும் கண்டு உரைத்தது.

இதற்கு நாணம் ஒரு காரணம், தூரம் மற்றொன்று. நாணத்தைப்பற்றி மேடைகளில் பலரும் பேசிவிட்டனர். தூரத்தைப்பற்றிப் பேசுவோர் சிலரே. குப்பனூரை எடுத்துக்கொள்வோம். சேலத்தினின்று ஏற்காட்டுக்கு ஏறும் சாலைகள் இரண்டனுள் ஒன்று, அயோத்தியாப்பட்டணத்தைக் கடந்து, இவ்வூர் வழியாகவே சேர்வராயன் மலைமேற் செல்கின்றது. 20 கொண்டையூசி வளைவுகளையுடைய மற்றைச் சாலையில் மழைக்காலத்து மண் சரிந்து வழியடையுங்கால், ஊர்திகள் குப்பனூர் வழியே திருப்பிவிடப்பெறுவதை நம்மிற் பலர் அறிவோம். இவ்வூரிலோ, இதற்கு மேலேயுள்ள மலைச்சிற்றூர்களிலோ வாழும் ஒருவர் அரசினர் மனநல மருத்துவரைக் காணவேண்டின், சேலத்து மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம். ஒருமுறை போய்வருதல் அரிதன்று. ஆனால், பேச்சுவழியாகச் செய்யப்பெறும் சிகிச்சை ஒருமுறையோடு முடிவதில்லை. வாரந்தோறும் ஒருமுறையாகப் பல வாரங்கள் தொடர்தல் வேண்டும். காப்பித் தோட்டத்தில் நாட்கூலிக்கு உழைக்கும் ஒருவர்க்கு அது பல நாட் கூலியை இழப்பதாகும். கல்லூரி மாணவர்க்கோ, வாரந்தோறும் எங்கே போகிறாய் என்னும் கேள்விக்குப் பல பொய்கள் சொல்வதாகும்.

இத்தூரத்தைக் குறைக்கும் முயற்சி நம் மாகாணத்தில் முன்னரே தொடங்கிற்று. சென்னையிலுள்ள 'ஸ்கார்ப்' என்னும் மனநல ஆராய்ச்சி நிலையத்தார் 2010-ஆம் ஆண்டிற் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பேருந்தையே மருத்துவ நிலையமாக்கி ஊர் ஊராய் அனுப்பினர். நோயாளி பேருந்தினுள் அமர்ந்து, திரையில் தோன்றும் சென்னை வைத்தியரோடு பேசுவார். மருந்தும் ஆங்கே கிடைக்கும். பின்னர்ச் செல்பேசி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் புகுந்தபின், அப்பேருந்தும் வேண்டாவாயிற்று. இந்திய அரசினர் 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் 'டெலி மானஸ்' என்னும் இலவசத் தொலைபேசிப் பணியைத் தொடங்கினர். பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிலையம் அதற்குத் தலைமை வகிக்கின்றது. 14416 என்னும் எண்ணை எவ்வேளையிலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். நம் மாநிலத்தில் இது 'நட்புடன் உங்களோடு' என்னும் பெயராலும் வழங்குகின்றது.

நிற்க. தூரம் நீங்கியதனால் ஒரு புதிய இடரும் வந்துற்றது. சேலத்து மருத்துவமனையில் நாற்காலியில் அமர்ந்திருப்பவர் வைத்தியரே என்பதற்கு அந்த மருத்துவமனை பிணை. செல்பேசித் திரையில் தோன்றும் முகத்துக்குப் பிணை யார்? சிரித்த முகப்படமும், ஐந்து நட்சத்திரங்களும், 'பல்லாயிரவர் பயன்பெற்றனர்' என்னும் வாசகமும் எவர்க்கும் எளிதிற் கிட்டும். ஆதலின், ஆராயும் பொறுப்பு நோயுற்றவர்மேலேயே வந்து விழுகின்றது. மனம் தளர்ந்து கிடக்கும் ஒருவரிடம் இப்பொறுப்பை ஒப்படைத்தல் கொடுமையே. எனினும், அதுவே இன்றைய நிலையாதலின், அவ்வாராய்ச்சியைச் செய்யும் முறையை நலமாயிருக்கும்போதே அறிந்துவைத்தல் தக்கது. நண்பர் ஒருவர்க்காக அதனைச் செய்துகொடுத்தல் இன்னும் தக்கது.

முதற்கண் அறியவேண்டுவது, இத்தொழிலில் மூவகையார் உளர் என்பது. மனநல மருத்துவர் என்பார் எம்.பி.பி.எஸ். பயின்றபின் மனநோயிற் சிறப்புப் பயிற்சி பெற்றவர். மருந்தெழுதும் உரிமை இம்மூவருள் அவர்க்கே உண்டு. அவர் பெயர் மாநில மருத்துவக் கவுன்சிற் பதிவேட்டில் இருத்தல் வேண்டும். 2020-ஆம் ஆண்டு மார்ச்சு 25-ஆம் நாள் வெளியான தொலைமருத்துவ நெறிமுறைகளின்படி, தொலைவிலிருந்து வைத்தியம் செய்யும் மருத்துவர் தம் பதிவெண்ணை மருந்துச்சீட்டிலும், இணையப் பக்கத்திலும், அனுப்பும் செய்தியிலும், பற்றுச்சீட்டிலுங்கூடக் காட்டக் கடமைப்பட்டவர். எண்ணைக் கேட்டால் முகஞ்சுளிப்பவரை விட்டு விலகுதலே நன்று.

இரண்டாமவர் மருத்துவ உளவியலர். இவர் மருந்து தாரார். சோதித்தறிதலும் பேச்சுவழிச் சிகிச்சையும் இவர் பணி. உளவியலில் முதுகலைப் பட்டம் பெற்றபின், மேற்பார்வையோடு கூடிய இரண்டாண்டு முழுநேர எம்.பில். பயிற்சியை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இவர்க்குரிய தகுதிகளுள் ஒன்றாகக் கூறுகின்றது. 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் மத்தியப் பதிவேட்டில் இவர் பெயர் காணப்படல் வேண்டும். அப்பதிவேட்டை இணையத்தில் எவரும் தேடிப் பார்க்கலாம். பதிவின்றித் தொழில் நடத்துவோர்க்கு அச்சட்டம் ஓராண்டு வரையிற் சிறையோ, ஆயிரம் ரூபாய் வரையில் அபராதமோ, இரண்டுமோ விதிக்கின்றது. ஆயிரம் ரூபாய்! நகரத்திற் பலர் ஓர் அமர்வுக்கு வாங்கும் கட்டணமே அத்தொகையைத் தாண்டும். சட்டம் இயற்றியோர் விலைவாசியைச் சிறிது நோக்கியிருக்கலாம்.

மூன்றாமவர் ஆலோசகர் எனப்படுவார். இங்கேதான் எச்சரிக்கை மிகுதியும் வேண்டும். பல்லாண்டு பயின்ற சமூகப்பணியாளரும் தம்மை ஆலோசகர் என்பர். ஒரு வார வகுப்பிற் சான்றிதழ் பெற்றவரும் அப்பெயரையே பலகையில் எழுதிக்கொள்வர். 2021-ஆம் ஆண்டுத் துணைமருத்துவத் தொழிலர் சட்டம் இவர்களையும் பதிவுக்குட்படுத்தக் கருதியுள்ளது. அதன் பயன் முற்றுங் கைகூடும் வரையில், எங்கே பயின்றீர், யாருடைய மேற்பார்வையிற் பணிபுரிகின்றீர், உம்மால் இயலாத நிலையில் என்னை யாரிடம் அனுப்புவீர் என்னும் மூன்று வினாக்களையும் நேரே கேட்டுவிடுதல் வேண்டும். தேர்வச்சம், பிரிவுத்துயர், வீட்டுப்பூசல் ஆகியவற்றுக்கு நல்ல ஆலோசகர் ஒருவரே போதுமாதல் கூடும். அவரை இகழ்தல் என் கருத்தன்று.

அண்மையில் நான்காவது ஒன்றும் புகுந்துள்ளது. மாணவர் பலர் நள்ளிரவில் தம் துயரைச் செயற்கை அறிவுப் பொறியிடம் எழுதி ஆறுதல் தேடுகின்றனர். அப்பொறி சோர்வதில்லை, பிறரிடம் புறங்கூறுவதுபோலவும் தோன்றுவதில்லை. ஆயினும், மேற்கூறிய 2020-ஆம் ஆண்டு நெறிமுறைகளே, அத்தகைய பொறிகள் நோயாளிக்கு ஆலோசனை கூறுதலும் மருந்து எழுதுதலும் ஆகா என விலக்கியுள்ளன. பொறிக்குப் பதிவெண் இல்லை. அது தவறின் முறையிடுவதற்கு ஓரிடமும் இல்லை.

இனி, உரிமமுடையவர் எல்லாரும் நமக்கு உகந்தவராவரோ எனின், ஆகார். இவ்விடத்தில் என் அபிப்பிராயம் நம் நண்பர் சிலர்க்கு உடன்பாடாகாது. மும்பையிலோ தில்லியிலோ உள்ள பெயர்பெற்ற நிபுணரே சிறந்தவர் என்றும், இணையத்தில் அவரை அடைதல் எளிதாகிவிட்டமையின் மொழி ஒரு பொருட்டன்று என்றும் அவர்கள் கருதுவர். யானோ மொழியையே முதலில் வைப்பேன். நம் மலையடிவாரத்து மாணவி தன் நிலையை, 'நெஞ்சு படபடங்குது. மனசே ஒரு மாதிரி இருக்கு. ஒண்ணும் பிடிக்கலை' என்று சொல்வாள். இதனை ஆங்கிலத்தில் மாற்றுவதற்குள் அவள் சொல்ல வந்தது பாதி கழிந்துபோம். எஞ்சியது பாடப்புத்தகச் சொல்லாகிவிடும். 'ஒரு மாதிரி' என்பது அச்சமோ, வெறுப்போ, பசியின்மையோ என்று மேலும் இரண்டு கேள்வி கேட்டு அறியவல்லவர் அம்மொழியில் வாழ்பவரே. வீட்டில் மாமனும் அத்தையும் கொண்டுள்ள உரிமை எத்தகையது, முதன்முதலாகக் கல்லூரி புகுந்த பிள்ளைமேல் ஒரு குடும்பம் முழுவதும் ஏற்றிவைக்கும் பாரம் எத்தகையது என்பனவற்றை அகராதி கொண்டு விளக்கவேண்டிய நிலை வந்தால், அமர்வின் பெரும்பகுதி விளக்கத்திலேயே தீர்ந்துவிடும். ஆதலால், பதிவேட்டிற் பெயர் கண்டதும் அடுத்துக் கேட்கவேண்டிய வினா, 'தமிழிற் பேசுவீரா?' என்பதே.

எட்வர்டு போர்டின் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் 1979-ஆம் ஆண்டில், சிகிச்சை பயன்தருவதற்கு இருவர்க்குமிடையே அமையும் கூட்டுறவே அடிப்படையென்றும், அக்கூட்டுறவு குறிக்கோளில் உடன்பாடு, செய்முறையில் உடன்பாடு, ஒருவர்பால் ஒருவர்க்குள்ள பற்று ஆகியவற்றால் ஆவதென்றும் எழுதினார். இதனை நாம் எளிதிற் சோதிக்கலாம். இரண்டு மூன்று அமர்வுகள் கழிந்தபின், இவர் எதை நோக்கி என்னை நடத்துகின்றார் என்று நம்மால் ஒரு வாக்கியத்திற் சொல்லக்கூடுமா? இயலாதாயின் அவரையே கேட்கலாம். மறுமொழி மனத்துக்கு ஒவ்வாதாயின் வேறொருவரை நாடலாம். தையற்காரரை மாற்றத் தயங்காத நாம் இதில் மட்டும் நன்றிகெட்டவராவோமோ என்று அஞ்சுகின்றோம். தொழிலறிந்தவர் இதற்கு வருந்தார். தக்க வேறொருவர் பெயரையும் தாமே கூறுவார். ஆனால், வேதனை தரும் செய்தியைத் தொட்டதனாலேயே ஒருவரை விட்டோடுதல் வேறு. முள்ளை எடுக்குங்கால் சிறிது நோவு உண்டன்றோ?

இரகசியம் காத்தலைப்பற்றியும் சில கூறல் வேண்டும். 2017-ஆம் ஆண்டுச் சட்டம் மனநோயாளர்க்கு இரகசியக் காப்பை உரிமையாகவே அளித்துள்ளது. ஆயினும், வைத்தியர் வாய்திறவாதிருப்பினும், அவரை நமக்குக் காட்டிய இணைய நிறுவனம் அவ்வாறிருக்கும் என்பது நிச்சயமில்லை. அமெரிக்காவில் 'பெட்டர்ஹெல்ப்' என்னும் பெரிய நிறுவனம், சிகிச்சை நாடியோர் தந்த செய்திகளை விளம்பரத்துக்காகப் பேஸ்புக் முதலியோர்க்கு அளித்தமைக்காக, 2023-ஆம் ஆண்டில் அந்நாட்டு வர்த்தக ஆணையத்தாரால் 78 இலட்சம் டாலர் செலுத்துமாறு பணிக்கப்பெற்றது. ஆங்கே பணிபுரிந்தோர் உரிமமுடையவரே! நிறுவனத்தின் நேர்மை வைத்தியரின் உரிமத்தில் அடங்குவதில்லை. ஆகவே, இடைநின்ற நிறுவனமின்றி, பதிவேட்டிற் கண்ட ஒருவரையோ மருத்துவமனையையோ நேரே அணுகுதல் கூடுமாயின் அதுவே மேல்.

எங்கிருந்து தொடங்குவது என்று திகைப்பவர் 14416-இலிருந்தே தொடங்கலாம் என்பது என் துணிபு. அழைக்குந்தோறும் அதே குரல் பேசும் என்பதில்லையாதலின், நீண்டகாலச் சிகிச்சைக்கு அது ஈடாகாது. ஆனால், பயிற்சி பெற்றவர் முதலிற் கேட்டு, வேண்டுமாயின் மேல்நிலை வல்லுநரிடமும் மாவட்ட மனநலத் திட்டத்தாரிடமும் சேர்ப்பிப்பர். மருந்து வேண்டுமா, பேச்சு போதுமா என்னும் முதற்கேள்விக்கு விடை இலவசமாகக் கிடைத்தல் சிறிய பயனன்று. மற்று, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்து வருத்துங்கால் தேர்ந்தெடுத்தற்கு நேரமில்லை; அந்த எண்ணையோ 108-ஐயோ உடனே அழைத்தலும், அவரைத் தனியே விடாது மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதலுமே கடன்.

மலைப்பாங்கிலுள்ளார்க்கு மேலும் ஓர் இடையூறு உண்டு. மலையின் மடிப்புகளிற் செல்பேசி அலை நின்று நின்று வரும். சொல்ல நினைத்ததை ஒருவாறு சொல்லத் தொடங்கும் நொடியில் தொடர்பு அறுந்தால், மறுமுறை அதனைச் சொல்ல மனம் வாராது. ஆகவே, இணைப்பு அறின் மீண்டும் அழைப்பவர் யார், ஆபத்து நேரின் அவர் யாருக்குத் தெரிவிப்பார் என்பவற்றை முதல் அமர்விலேயே பேசிக்கொள்ளல் வேண்டும்.

இவையெல்லாம் அமைந்தும், அமர்ந்து பேச ஓரிடம் இல்லாவிட்டால் யாது பயன்? ஒற்றையறை வீட்டிலும், நால்வர் தங்கும் விடுதியறையிலும், கதவடைத்து முக்கால் மணிநேரம் பேசுதல் எங்ஙனம் இயலும்? மாணவர் பலர் இதனாலேயே மொட்டைமாடியிலும், ஆட்டக்களத்தின் மூலையிலும் நின்று, எவரேனும் வருகின்றனரோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பேசுகின்றனர். நம் கல்லூரி இதற்குச் செய்யத்தக்கது பெருஞ்செலவுடையதன்று. ஒரு சிற்றறை, தாழிடத்தக்க கதவு, தடையற்ற இணைய இணைப்பு, இரண்டு நாற்காலி ஆகிய இவையே போதும். பழைய மாணவர் சங்கத்தார் ஆண்டுதோறும் அளிக்கும் நன்கொடையிற் சிறுபகுதி இதற்கு அமையும். அவ்வறையின் வாயிலில் 'மனநல அறை' என்று பெயர் எழுதவேண்டா. எழுதினால் ஒருவரும் உட்புகார். திறவுகோலும் விடுதிக் காப்பாளரிடம் இருத்தல் ஆகாது. நூல்நிலையத்தில், படிப்பதற்குத் தனியறை கேட்போர் கையொப்பமிட்டுப் பெறுவதுபோல, காரணம் கேட்கப்படாமல் எவரும் பெறுமாறு இருக்கட்டும்.