பறக்கும் மீன்கள் அழுகமாட்டா

‘பறக்கும் மீன்கள் அழுகமாட்டா, அக்கரை இருந்தால் சுவர் தெரியும்.’

நண்பர்களே, இது ஒரு பழங்கட்டடத்தின் முகவரி. கெடா மாநிலத்தில்தான் இருக்கிறது. எந்தக் கட்டடம்? கண்டுபிடித்தவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிச் செல்லலாம். என் அறைத்தோழர்கள் இருவரும் கைவிரித்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் தமிழ்மொழிப் பாடத்தில் எப்போதும் ‘ஏ’ வாங்கியவர்!

விடை: கோலா கெடா கோட்டை. தமிழகத்துக் கடற்கரை மீனவர்கள் பறக்கும் மீனைக் ‘கோலா’ என்பார்கள். நமக்கோ கோலா என்றதும் புட்டிப் பானம்தான் நினைவுக்கு வருகிறது. ‘மீன் கெடாது’ என்றால் ஒருமை. ‘மீன்கள் கெடா’ என்றால் பன்மை. ஆகவே கோலா கெடா! ‘அக்கரை’ அச்சுப்பிழையன்று. லங்காவிக்குப் படகு ஏறும் துறைக்கு எதிர்க்கரையில்தான் அந்தச் செங்கல் சுவர் நிற்கிறது. சுல்தான் அப்துல்லா முக்காராம் ஷா காலத்தில், 1771இல் தொடங்கி 1780இல் முடிந்த கோட்டை அது. 1821இல் சயாமியர் கைக்குப் போனது. படகுக்கு வரிசையில் நிற்கும் நம்மில் எத்தனை பேர் அந்தப் பக்கம் தலையைத் திருப்பியிருக்கிறோம்?

இந்தப் புதிரை நான் உருவாக்கியதற்கு ஒரு காரணம் உண்டு. கடந்த ஆண்டு ஒரு தமிழ்ப்பள்ளிக்கு நிதி திரட்டுவதற்காக நடந்த புதையல் வேட்டையில் நாங்கள் நால்வர் கலந்துகொண்டோம். மலேசியாவில் இவ்வகை வேட்டைகள் எப்படி நடக்கும் என்பதைப் பலர் அறிந்திருப்பீர்கள். ஒரு காரில் நால்வர். கையில் வழிக்குறிப்பும் கேள்வித்தாளும். விடை சாலையோரக் கடைப்பலகையிலோ கட்டடத்தின் அடிக்கல்லிலோ இருக்கும். ஆனால் கேள்வி நேராக இராது. ஒரு பாதி பொருளைச் சொல்லும். மறுபாதி சொல்லை உடைத்தோ புரட்டியோ ஒளித்து வைக்கும். இரண்டும் ஒரே விடையில் வந்து முட்டினால் சரி. எடுத்துக்காட்டாக, ‘கனமில்லாத வணிகர்’ என்று கேட்டால் 1771இல் கெடாவுக்கு வந்து சேர்ந்த பிரான்சிஸ் லைட். ஆங்கிலத்தில் ‘லைட்’ என்றால் ஒளி மட்டுமா, எடை குறைந்ததுமல்லவா?

அலோர் ஸ்டாரின் பழைய கட்டடங்களும் கோலா கெடாவும்தான் அன்றைய களம். போட்டி சிறப்பாகவே நடந்தது; நிதியும் சேர்ந்தது. ஆனால் கேள்வி அத்தனையும் ஆங்கிலம். தமிழ்ப்பள்ளிக்கு நிதி திரட்டும் போட்டியில், தமிழ் தெரிந்திருப்பதால் அரைப் புள்ளிகூடக் கிடைக்காது! ஏற்பாட்டாளர்கள் எல்லாரும் தமிழர்கள், நல்ல மனிதர்கள். காரணம் கேட்டபோது ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “தமிழ்ல இந்த மாதிரி கேள்வி போட முடியாது, தம்பி.”

முடியாதா? இந்த ஒரு சொல்லுக்கு மறுமொழியாகத்தான் இக்கட்டுரை.

புதிர் போடுவதைத் தமிழ் எவரிடமும் கடன் வாங்கவில்லை. தொல்காப்பியர் ‘பிசி’ என்று பெயரிட்டு அதற்கு இலக்கணமே வகுத்திருக்கிறார். காளமேகப் புலவர் பாம்பையும் வாழைப்பழத்தையும், யானையையும் வைக்கோலையும் ஒரே பாட்டுக்குள் அடைத்தார். தண்டியலங்காரம் சிலேடையைச் செம்மொழி, பிரிமொழி என்று இரண்டாகப் பிரிக்கிறது. சொல்லை உடைக்காமலே இரு பொருள் தந்தால் செம்மொழிச் சிலேடை. உடைத்தால்தான் இரண்டாம் பொருள் என்றால் பிரிமொழிச் சிலேடை. ஆங்கிலக் குறுக்கெழுத்துக்காரர்கள் இதைத்தானே செய்கிறார்கள்? அமெரிக்காவிலிருந்து வெளிவந்த ‘தென்றல்’ இதழில் வாஞ்சிநாதன் இதே பாணியில் தமிழ்க் குறுக்கெழுத்துகள் அமைத்துக் காட்டியிருக்கிறார்.

வேறுபாடு இல்லாமல் இல்லை. ஆங்கிலத்தில் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு வேறு சொல் ஆக்குவது மிக எளிது. நம்முடைய உயிர்மெய் எழுத்துகள் அப்படிக் கலைய இசையா. கலைத்தால் பெரும்பாலும் உளறல்தான் மிஞ்சும். ஆனால் சொல்லை வெட்டுவதிலும் ஒட்டுவதிலும் தமிழை மிஞ்ச ஆளில்லை. புணர்ச்சி இலக்கணத்தைப் பள்ளியில் சபித்துக்கொண்டே படித்தோமே, அதன் பயன் இங்கே தெரியும்.

இன்னொன்றும் உண்டு. இதுதான் என் கட்சி. நம் ஊர்ப் பெயர்கள் மலாயில் பிறந்து தமிழ் வாயில் வளர்ந்தவை. பட்டாணி என்றால் மலாயில் உழவர், நமக்குச் சுண்டல். ‘பத்து’ என்றால் அங்கே கல், இங்கே எண். பத்துமலைக்கு ‘பத்தாவது மலை’ என்று விளக்கம் சொல்லும் தாத்தாக்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அறியாமை என்று சிரிக்கிறோம்; எனக்கோ அது ஒரு நல்ல சிலேடையாகப் படுகிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டும் தேசிய இடைநிலைப்பள்ளியில் ஐந்தாண்டும் படித்து வந்த நம்மைப் போன்றவர்களுக்கு இந்த இரண்டு காதுகளும் உண்டு. சென்னைக்காரருக்கும் இல்லை; இலண்டன்காரருக்கும் இல்லை.

அலோர் ஸ்டாரின் நடுவில் இருக்கும் பாலாய் பெசாரை எடுத்துக்கொள்வோம். ‘பாலாய்ப் பேசார்’ என்று படித்துப் பாருங்கள். கேள்வி தானே பிறக்கிறது: ‘இனிக்க இனிக்கச் சொல்லமாட்டார், கல்யாணத்தில் கடன்பட்டார்.’ பெ, பே என்ற குறில் நெடில் குறையை நடுவர்கள் மன்னிக்க வேண்டும்! 1735இல் சுல்தான் முகமட் ஜீவா அலோர் ஸ்டாரைத் தலைநகராக்கியபோது தோன்றிய மண்டபம் இது. படையெடுப்புகளில் சிதைந்து மீண்டும் எழுந்தது. 1904இல் சுல்தான் அப்துல் ஹமிட் தம் பிள்ளைகள் ஐவருக்கு மாதக்கணக்கில் திருமண விழா எடுத்தார். அடுத்த ஆண்டே கெடா சயாமிடம் கடன் வாங்க நேர்ந்தது. கடனோடு நிதி ஆலோசகர் ஒருவரும் வந்து உட்கார்ந்துகொண்டார். 1909இல் மாநிலமே பிரிட்டிஷார் பக்கம் கைமாறிற்று. ஐந்தாம் படிவ வரலாற்றுப் பாடத்தில் என் தலையில் ஏறாத இந்தக் கதை, ஒரு கேள்வி தயாரிக்கப் போய் ஒரே மாலையில் ஏறிவிட்டது.

அருகிலேயே பாலாய் நோபாட், அரச மேளக் கருவிகளைக் காக்கும் எண்கோணக் கோபுரம். ‘நோவில் பாட்டு வாலிழந்தது.’ நோ, பாட், அவ்வளவுதான். சற்று மொக்கையான புதிர் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மெர்போக்கில் உள்ள சண்டி புக்கிட் பத்து பஹாட்டுக்கு நான் எழுதியது இது: ‘அடம்பிடிக்கும் மாடு குன்றில் நிற்கிறது, பத்து என்றால் எண்ணாதே, உளியை எடு.’ சண்டி தமிழ். குன்றும் கல்லும் உளியும் மலாய். இரண்டில் ஒரு மொழி மட்டும் தெரிந்தவர் பாதியில் நின்றுவிடுவார்.

இங்கேதான் நம் பேரவை நண்பர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். ‘தமிழில் மலாயைக் கலப்பதா? தூய்மை என்னாவது?’ எனக்கு அவர்கள் மீது மதிப்புண்டு. ஆனால் கலப்படம் வேறு, சிலேடை வேறு. கலந்து பேசுகிறவனுக்கு எந்தச் சொல் எந்த மொழி என்ற கவலையே இல்லை. சிலேடை போடுகிறவனுக்கு இரண்டின் எல்லையும் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். ‘கெடா’ என்பது பலவின்பால் எதிர்மறை வினைமுற்று என்று தெரியாதவனால் பறக்கும் மீனைப் பிடிக்க முடியாதே!

அப்படியே மேடையில் நாம் முழங்கும் கடாரப் பெருமையைப் பற்றியும் ஒரு சொல். 1025இல் இராஜேந்திர சோழன் கடாரத்தை வென்றான் என்பதைக் கைதட்டிக் கொண்டாடுகிறோம். கெடாவில் பிறந்தவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு சிறு சங்கடம்: வென்றது நம் ஊரையல்லவா? பூஜாங் பள்ளத்தாக்கின் கட்டடங்கள் சில சோழர் கப்பலுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை. அவற்றில் ஒன்றையேனும் நேரில் பார்த்தவர்கள் நம் பேரவையில் எத்தனை பேர் என்று கையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள்.

1930களில் குவாரிச் வேல்ஸ் அந்தப் பள்ளத்தாக்கை அகழ்ந்து, கண்ட இடங்களுக்கு எண்ணிட்டார். எட்டாம் எண்ணுக்கு மேலே சொன்ன பெயர் அமைந்தது; கல் கல்லாக மீண்டும் அடுக்கப்பட்டது; 1980இல் அருகே அருங்காட்சியகமும் வந்தது. பதினொன்றாம் எண்ணின் கதை வேறு. தனியார் நிலத்தில் இருந்தது. மரபுச் சின்னமாக அரசிதழில் பதிவாகவில்லை. வீடமைப்புக்காக நிலத்தைச் சமப்படுத்தியபோது அதுவும் சேர்ந்து போனது. 2013 டிசம்பரில் செய்தி வந்து நாடே கொதித்தபோது அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் இருந்தும் பட்டியலில் இல்லாததை அது காக்கவில்லை.

புதையல் வேட்டைக் கேள்வி எழுதுகிறவர்களும் பட்டியலைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள். அரண்மனை, மசூதி, கோட்டை, 1936இல் எழுந்த சுங்கைப் பட்டாணி மணிக்கூண்டு. எல்லாம் கேட்க வேண்டியவைதாம். ஆனால் நம்மவர்கள் மூன்று தலைமுறை வாழ்ந்த கட்டடங்களுக்குப் பலகையும் இல்லை, எண்ணும் இல்லை.

விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது பாட்டியிடம் ஒரு கேள்வியைச் சோதித்தேன். ‘கூலியின் முடிவில் மெய், எந்த ஊர்?’ தோட்டப் பள்ளியில் மூன்றாம் ஆண்டுவரை படித்தவர். வெற்றிலை மடிப்பதைக்கூட நிறுத்தவில்லை.

“கூலிம்தானே? இம்முல முடியுது. எத்தன தடவ பஸ்ஸு ஏறியிருக்கேன்.”

பிறகு அவர் முறை. “அம்மா மரத்துக்குப் போனா, ஆயா வீட்டுக்கு வந்தோம், ஆயா வீட்டுக்குக் கதவே இல்ல. என்னா?”

எனக்குத் தெரியவில்லை. ஆயாக்கொட்டகை என்றார். பால்மரம் வெட்டப் போகும் தாய்மார்கள் விடியுமுன் பிள்ளைகளை விட்டுச்செல்லும் கொட்டகை. எங்கே இருந்தது என்று கேட்டேன். அடுத்த நாள் காலையில் மாமாவின் காரில் அழைத்துப் போய்க் காட்டினார். வரிசையாகச் செம்பனை. நடுவில் ஓரிடத்தில் சிமெண்டுத் தரை கொஞ்சம் தெரிந்தது. லயம் இருந்த இடம், பிரட்டுக் களம், கள்ளுக்கடை, புகைக்கொட்டகை, பழைய பள்ளி என்று விரலாலேயே ஒரு வரைபடம் போட்டார். இவை எதுவும் எந்தப் பட்டியலிலும் வராது. பதினொன்றாம் எண்ணுக்காகக் கொதித்ததுபோல் இவற்றுக்காக எவரும் கொதிக்கப் போவதுமில்லை. ஆனால் விடை தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாட்டிக்கு வயது எண்பத்து மூன்று.

ஆகவே நம் பேரவையின் அடுத்த நிதி திரட்டும் நிகழ்வுக்கு என் முன்மொழிவு இது. கேள்விகள் தமிழில் இருக்கட்டும். பாதி, பட்டியலில் உள்ள கட்டடங்கள். பாதி, கூலிம், பீடோங், குரூண் வட்டாரத் தோட்டங்கள். காரில் பறப்பதைவிட ஓரிடத்தில் இறங்கி நடக்கும்படி அமைக்கலாம். தோட்டப் பகுதிக்கு மட்டும் விதியைச் சற்று மாற்ற வேண்டும். விடை பலகையில் இராது. அங்குள்ள கோயில் வாசலிலோ ஒட்டுக்கடையிலோ அமர்ந்திருக்கும் பெரியவர் ஒருவரைக் கேட்டால்தான் கிடைக்கும். அவர் சொன்ன இடத்தின் படம் ஒன்றும், அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதிய நான்கு வரியும் கொண்டுவரும் குழுவுக்குக் கூடுதல் புள்ளி. சேரும் தாள்களை அடுத்த ஆண்டிதழில் வெளியிடலாமே! கதை, கவிதைக்கு நடுவே பத்துப் பக்கம் ஒதுக்கினால் போதும்.

தமிழில் தடுமாறும் நண்பர்கள் வரமாட்டார்கள் என்ற அச்சம் நியாயமானது. குழுவில் நால்வர் இருக்கிறார்களே; ஒருவர் தமிழ் படிக்க, ஒருவர் மலாய் பிரிக்க, ஒருவர் வழி பார்க்க, ஒருவர் பேச்சுக் கொடுக்க என்று பிரித்துக்கொள்ளலாம். கடினமான கேள்விக்கு ஐந்து வெள்ளி கொடுத்தால் ஒரு துப்பு விற்கலாம். அதுவும் நிதிக்குத்தானே போகிறது? என் கணிப்பில் துப்பு விற்பனைதான் நுழைவுக் கட்டணத்தைவிட அதிகம் ஈட்டும்.

பதினெட்டுக் கேள்விகள் என்னிடம் தயாராக உள்ளன. பாட்டியிடம் இன்னும் ஆறேழு உண்டு. ஆனால் அவற்றுக்கு விடை சொல்ல ஒரு விலை கேட்கிறார்: வந்து ஒருநாள் தங்க வேண்டுமாம். மூன்று தோட்டங்களையாவது முன்கூட்டிப் பார்த்துவர வேண்டும். என்னிடம் கார் இல்லை. மண்பாதையில் அடிவாங்கினாலும் பரவாயில்லை என்று நினைக்கும் கார் உரிமையாளர், முன்னாள் மாணவராக இருந்தாலும் சரி, பேரவைச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். முன்னிருக்கை பாட்டிக்கு.