கணக்கில் தடுக்குவது தமிழ்!

கரையில் நண்டு எண்ணி, பங்கு பிரித்து, சட்டென்று காசு சொல்லும் எங்க ஊர்ப் பிள்ளைகள்கூட நோட்டில் வாக்கியக் கணக்கைக் கண்டால் முழிக்கிறார்கள். தடுக்குவது கணக்கு இல்லை, வாசிப்புதான்!

ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் என்று 2022-ல் அரசு தொடங்கிய திட்டத்துக்கு 'எண்ணும் எழுத்தும்' என்றே பெயர். இரண்டும் சேர்ந்துதான் வரணும். வீட்டில் நாமும் கொஞ்சம் மெனக்கெடலாமே!

'கூடையில் 40 நண்டு. 15 விற்றாச்சு. மீதி எத்தனை?' இப்படிப் பிள்ளையையே ஒரு கணக்கு எழுதச் சொல்லுங்கள். அதை உரக்க வாசிக்கட்டும். விடையை வெறும் 25 என்று விடாமல், 'மீதி 25 நண்டு இருக்கிறது' என்று முழுசாக எழுதட்டும். 'மீதி', 'மொத்தம்', 'ஆளுக்கு' என்ற சொற்கள் பிடிபட்டால் பாதிக் கணக்கு முடிந்த மாதிரி.

இதைச் செய்யாமல், கணக்குத் தெரிந்த பிள்ளைக்கே 'கணக்கு வராது' என்று பட்டம் கட்டிவிடாதீர்கள்!

- ஒரு வாசகி, கோடியக்கரை.