கையைத் தொங்கவிட்டுப் பார்த்தால்

திருச்சுழியில் பிறந்த ரமண மகரிஷியின் இடது முழங்கையருகே தோன்றிய சிறு கட்டியை 1949 பிப்ரவரியில் அகற்றினார்கள். அடுத்த மாதமே மறுபடி அறுக்க வேண்டியதாயிற்று. சார்கோமா என்றது திசுப் பரிசோதனை. ரேடியம் வைத்தும், அந்த ஓராண்டிலேயே நான்கு முறை அறுத்தும் பயனில்லை. 1950 ஏப்ரல் 14இல் அவர் மறைந்தார். கையில் கட்டி என்றதும் திருச்சுழிப் பக்கத்து மருத்துவர்கள் பயப்படுவதில் நியாயம் உண்டு.

ஆனால் பயமும் தடம் மாற்றிவிடும். குமாரலிங்கபுரத்திலிருந்து ஒருவர் முன்கை வீக்கத்தோடு அருப்புக்கோட்டைக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். விரல் மரத்துப்போகிறது, வீக்கத்தைத் தட்டினால் விரல்வரை சுரீரென்கிறது. எம்.ஆர்.ஐ.யில் நரம்போரம் டி2 படத்தில் பளிச்சென்ற உருண்டை. ‘ஷ்வான்னோமா’, அதாவது நரம்புறைக் கட்டி, என்று அறிக்கை வந்துவிடும். நரம்பை அழுத்தும் சிரைப் பிறழ்வும் (venous malformation) இத்தனையையும் அப்படியே காட்டலாம்.

கையைத் தொங்கவிட்டால் வீக்கம் பருக்கிறதா, தூக்கினால் வற்றுகிறதா? அமுக்கினால் தணிந்து மெல்ல நிரம்புகிறதா? சாதாரண எக்ஸ்ரேயில் வட்டவட்டமாகச் சிரைக்கல் தெரிகிறதா? இவற்றுக்கு மதுரைவரை போக வேண்டியதில்லை. டாப்ளரில் நிறம் வரவில்லை என்பதை மட்டும் நம்பக் கூடாது. ஓட்டம் அவ்வளவு மந்தம்; வேக அளவைக் குறைத்து, புரோபால் அமுக்கி விட்டால்தான் நிறம் தலைகாட்டும். ஷ்வான்னோமா பக்கவாட்டில் நகரும், நரம்பின் நீளவாக்கில் நகராது. எப்படிப் பிடித்தாலும் மாறாமல், மளமளவென்று பெருக்கும் கட்டியிலோ திசு எடுக்கத் தாமதிக்கவே கூடாது.

இவை எதையும் குறிப்பிடாமல், ஸ்கேன் சீட்டில் ‘கை வீக்கம்’ என்று இரண்டே சொல் எழுதி அனுப்பிவிட்டு, பிறகு ரேடியாலஜிஸ்டைக் குறை சொல்வது நியாயமில்லை.

தலைக்குள் இந்தக் குழப்பம் இன்னும் ஆபத்தானது. ட்ரைஜெமினல் ஷ்வான்னோமா என்று நினைத்து கேவர்னஸ் சைனஸைத் திறந்த இடத்தில் இருப்பது கேவர்னஸ் ஹீமாஞ்சியோமாவாக இருந்தால், ரத்தத்தை அடக்குவதே பெரும்பாடு. டி2வில் மூளைத் தண்டுவட நீரைப் போல ஒரே சீரான வெண்மை, சாயம் மெல்ல மெல்லப் பரவுதல் – இரண்டையும் கண்டால் கத்திக்கு முன் கதிர் அறுவையை யோசிக்கலாம்.

முகநரம்பின் ஜெனிகுலேட் முடிச்சில் சில மில்லிமீட்டர் சிரைப் பிறழ்வே வாயைக் கோணவைத்துவிடும். ஷ்வான்னோமா அதைவிடப் பெரிதாகியும் முகம் நேராக இருப்பதுண்டு. பெல்ஸ் பால்சி என்று ஸ்டீராய்டு கொடுத்து, மாதக்கணக்கில் முகம் அசையவில்லையென்றால், டெம்போரல் எலும்பின் நுண் சி.டி.யில் தேன்கூடு போல் அரித்த எலும்பைத் தேட வேண்டும். ரத்தக்குழாய்ப் புடைப்புகளுக்கு 1982இல் மல்லிக்கனும் குளோவாக்கியும் வகுத்த வகைப்பாட்டின்படி இந்தச் சிரைப் பிறழ்வு செல் பெருகி வளரும் ஹீமாஞ்சியோமா அல்ல, பிறப்பிலேயே பிறழ்ந்த குழாய். குழந்தை ஹீமாஞ்சியோமாவைக் கரைக்கும் புரோப்ரனலாலை இதற்கு எழுதிப் பயனில்லை.

சிரைப் பிறழ்வு என்று உறுதியான பிறகும் ஒரு கேள்வி மிச்சம்: அது நரம்புக்கு வெளியே இருக்கிறதா, உறைக்குள்ளேயே இருக்கிறதா? உள்ளே இருந்தால், குழாயைச் சுருக்கச் செலுத்தும் ஸ்கிளிரோசிங் மருந்து நரம்பையும் சேர்த்துக் கருக்கிவிடலாம்.