தேசிக்காய் வைத்தோம், காத்துப் பார்த்தோமா?

கதிர்காமத்துக்கு வான் பிடிச்சுப் போற எங்கட குடும்பங்களுக்கு எண்டு ஒரு ஒழுங்கு இருக்கிறது. விடிய நாலு மணிக்கு வாசலில் வான் வந்து நிற்கும். நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்து, கற்பூரம் கொளுத்தி, "முருகா" எண்டு நசிச்சுக்கொண்டு வெளிக்கிடுவோம். பண்ணைப் பாலம் கடந்து, ஏ9 இல் ஏறி, முறிகண்டியில் தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டு மிச்சப் பயணம். ரயருக்குள் எவ்வளவு காத்து இருக்கிறது எண்டு மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை. போன வருசம் புளியங்கூடலில் இருந்து வெளிக்கிட்ட எங்கட வானில் நானும் கேட்கவில்லை.

வவுனியா தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் பின் இடது ரயர் வெடிச்சது. உள்ளே பன்னிரண்டு பேர். பின்னுக்கு அரிசி மூட்டை, கிடாரம், பாய்கள், தண்ணிக் கேன்கள். மேலே ராக்கில் பெட்டிகள். சாரதி அண்ணை பதறி பிறேக்கை அமத்தாமல், ஸ்ரியரிங்கை இறுக்கிப் பிடிச்சு மெல்ல ஓரம் கட்டினதால்தான் அம்மம்மா இண்டைக்கும் திண்ணையில் இருந்து வெத்திலை இடிக்கிறா. ஸ்பெயாரை மாட்டிக்கொண்டு அடுத்த ரயர் கடைக்குப் போனோம். கடைக்காரர் மற்றப் பின் சில்லுக்குக் கேஜ் வைத்தார். சூட்டோடயே 34 பிஎஸ்ஐ. கதவுச் சட்டத்தில் ஒட்டியிருந்த ஜப்பான் ஸ்ரிக்கரில் பின் சில்லுக்கு 325 கிலோபஸ்கால், அதாவது 47 பிஎஸ்ஐ. "இது வெறும் வானுக்கு அடிச்ச காத்து" எண்டார்.

ஊருக்கு வந்தால் எல்லாரும் வெய்யிலைத்தான் குற்றம் சொல்லிச்சினம். தூரப் பயணம், தார் ரோட்டுச் சூடு, காத்து விரிஞ்சு வெடிச்சிட்டுதாம். ஆனபடியால் வெளிக்கிடேக்க கொஞ்சம் குறைச்சு அடிக்க வேணுமாம். எனக்கு இதுதான் பெரிய ஆபத்தாகப் படுகிறது. ஏனெண்டால் நடக்கிறது நேரெதிர். காத்துக் குறைஞ்ச ரயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிஞ்சு நிமிரும். பாரமும் வேகமும் கூடினால் அந்த மடிப்பே சூடாகும். சூட்டில் ரப்பரும் உள்ளே இருக்கிற கம்பிப் படையும் பிரிய வெளிக்கிடும். கூடுதலாகக் காத்து அடிச்சாலும் பிழைதான்: பிடிமானம் குறையும், நடுப்பகுதி தேயும். ஆனால் பாரத்தோடு நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் ஓடுற வானுக்கு முதல் எதிரி குறைஞ்ச காத்து.

2000 ஆம் ஆண்டு ஓகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்ரோன் நிறுவனம் 65 லட்சம் ரயர்களைத் திருப்பி எடுக்க வேண்டி வந்தது. பெரும்பாலும் ஃபோர்ட் எக்ஸ்புளோரர் வாகனங்களில் பூட்டினவை. ரயரில் பிழை எண்டது ஃபோர்ட். வாகனத்தில் பிழை எண்டது ஃபயர்ஸ்ரோன். அந்தச் சண்டைக்குள் ஒரு சின்ன இலக்கமும் இருந்தது: ஃபோர்ட் சொன்ன காத்து 26 பிஎஸ்ஐ, ஃபயர்ஸ்ரோன் கேட்டது 30. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப் போன ஒரு விவகாரத்தில் நாலு பிஎஸ்ஐயும் விசாரணைக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் அங்கே புதுக் கார்களில் காத்துக் குறைஞ்சால் எரியிற விளக்குக் கட்டாயமாக்கப்பட்டது. அதுவும் கால்வாசி குறைஞ்ச பிறகுதான் எரிய வேணும் எண்டு சட்டம். எங்கட பழைய வான்களில் அந்த விளக்கும் இல்லை.

ஜேர்மனியில் இருக்கிற சித்தப்பா கோடை லீவுக்கு மோட்டர்ஹோம் எண்ட வீட்டு வண்டி எடுத்துக்கொண்டு திரியிறவர். அவர் சாமான், தண்ணி, ஆக்கள் எல்லாம் ஏற்றின பிறகு வண்டியைத் தராசில் விட்டு, முன் அச்சுக்கு எவ்வளவு, பின் அச்சுக்கு எவ்வளவு எண்டு நிறுப்பாராம். பிறகு ரயர் கொம்பனியின் அட்டவணையில் அந்தப் பாரத்துக்கு உரிய காத்தைப் பார்ப்பாராம். கேட்டு நாங்கள் சிரிச்சோம். ஆனால் அரிசி, கிடாரம், பாய், பன்னிரண்டு பேரோடு போற எங்கட வானும் வீட்டு வண்டிதானே!

தராசு தேட வேண்டாம். கதவுச் சட்ட ஸ்ரிக்கர் போதும், பூட்டியிருக்கிற ரயரும் அதில் போட்டிருக்கிற அளவாக இருந்தால். எழுத்து ஜப்பான் மொழி எண்டாலும் இலக்கம் விளங்கும். 100 கிலோபஸ்கால் 14.5 பிஎஸ்ஐ. ரயரின் பக்கத்தில் அச்சடிச்சிருக்கிற இலக்கம் ஆகக்கூடிய எல்லை, அதைப் பார்த்து அடிக்கக் கூடாது. இன்னொன்று, ரயர் ஆறி இருக்கேக்கதான் அளக்க வேணும். முறிகண்டியில் இறங்கிப் பார்க்கலாமே எண்டால் அதுவும் சரிவராது. எண்பது கிலோமீற்றருக்கு மேல் ஓடின ரயர் சில பிஎஸ்ஐ கூட்டித்தான் காட்டும். அதைப் பார்த்துக் காத்தைத் திறந்து விட்டால் கதை முடிஞ்சுது. எங்களுக்கோ காத்து அடிக்கிற கடை வாசலில் இல்லை. ஆனபடியால் முதல்நாள் வீட்டிலேயே கேஜ் வைத்து, எத்தனை பிஎஸ்ஐ குறையுது எண்டு எழுதிக்கொண்டு போய், கடையில் அந்தளவைக் கூட்டினால் சரி.

இதெல்லாம் சாரதியின் வேலை எண்டு அம்மா சொல்லுறா. எனக்கு உடன்பாடில்லை. வாடகையில் ஐந்நூறு ரூபா குறைக்கச் சொல்லி அரைமணித்தியாலம் கதைக்கிறம், எத்தனை பேர், எத்தனை மூட்டை எண்டு ஒரு சொல் சொல்லுறதில்லை. பாரம் எங்களுக்குத்தான் தெரியும். அவருக்குக் காத்து தெரியும். ரெண்டும் முதல்நாளே சந்திக்க வேணும்.

ஆடிக்குத் திரும்பவும் போறம். அதே அண்ணைக்குப் போன் எடுத்துப் பதினொரு பேர் எண்டு சொல்லி, காத்துப் பற்றிக் கேட்டேன். "பிள்ளை கம்பசில இதையோ படிப்பிக்கினம்?" எண்டு சிரிச்சார். பிறகு தானே கேட்டார், "கிடாரமும் வருதோ?" அதை விட்டிட்டுப் போவம் எண்டு அம்மாவிடம் ரெண்டு தரம் சொல்லிப் பார்த்திட்டேன். இன்னும் சம்மதம் கிடைக்கவில்லை.