தகப்பனுக்கும் பாயில் இடம் வேண்டும்

கடந்த மாதம் ஒரு தோட்டத்தில் நடந்ததை எமது தோட்டத் தலைவர் ஒருவர் வந்து சொன்னார். பிள்ளைக்காம்பராவில் நிறை பார்க்கும் நாள். மனைவி மத்திய கிழக்கில் வேலை செய்வதால் தகப்பனே இரண்டு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். நிறையைக் குறித்துக் கொடுத்ததும், "இனி அம்மாமாருக்கான கூட்டம், அண்ணே. வீட்டில் அம்மாயி இருந்தால் அனுப்புங்க" என்று சொல்லிவிட்டார்கள். வாசலில் நின்ற பெண்கள் சிரித்திருக்கிறார்கள். அம்மாயிக்கோ கண் சரியாகத் தெரியாது. நிறை குறைந்த பிள்ளைக்கு என்ன ஆக்கிக் கொடுப்பது என்றுதான் அன்று சொல்லிக் கொடுத்தார்கள். அவருடைய பிள்ளையும் நிறை குறைந்த பிள்ளை.

இதை ஒரு மனிதருக்கு நேர்ந்த அவமானமாக மட்டும் நாம் பார்க்கவில்லை. தாயும் ஊரிலேயே இருக்கும் வீட்டில் இது சம்பளப் பிரச்சினை. கவ்வாத்து, மருந்தடிப்பு என்று போகும் ஆண்கள் பல தோட்டங்களில் பகல் இரண்டு மணிக்குள் லயத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். பெண்கள் அந்திக் கொழுந்தை நிறுத்த பிறகுதான் மலையை விட்டு இறங்குகிறார்கள். கூட்டம் வேலை நேரத்தில் நடக்கிறது. போய்வந்தால் கொழுந்து குறையும், குறித்த கிலோ இல்லையென்றால் அரைப்பேர். வீட்டில் இருக்கும் தகப்பனை விட்டுவிட்டு மலையில் நிற்கும் தாயைக் கூப்பிடுவது என்ன கணக்கு?

சட்டத்தின் நினைப்பும் இதுதான். தாய்க்கு 84 நாள் பிரசவ லீவு உண்டு. அரச ஊழியரான தகப்பனுக்கு 3 நாளாவது கிடைக்கிறது. தோட்டத்துத் தகப்பன் அன்று பிரட்டுக்குப் போகாவிட்டால் பேர் இல்லை.

பெண்கள் சொல்லும் மறுப்பையும் நாம் தட்டிக்கழிக்க முடியாது. பிரசவம், தாய்ப்பால், குடும்பக் கட்டுப்பாடு, வீட்டில் வாங்கும் அடி, இவற்றையெல்லாம் பேச அவர்களுக்குக் கிடைப்பது அந்த ஒரு அறைதான். ஆண் வந்து உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும். ஆகவே அவர்களுக்கென்று ஒரு தனி நேரம் கட்டாயம் இருக்க வேண்டும். நிறை, தடுப்பூசி, சாப்பாடு பற்றிய பேச்சில் தகப்பனுக்கு ஒளிக்க என்ன இருக்கிறது?

கதவைத் திறந்தாலும் வராத ஆண்கள்தான் அதிகம் என்பதும் எமக்குத் தெரியும். தவறணைக்கு வழி தெரிந்த கால்களுக்குப் பிள்ளைக்காம்பராவுக்கும் வழி தெரியும், தம்பிமாரே. எமது சங்கத்தின் அறிவித்தல்களிலும் 'தாய்மாரே வாருங்கள்' என்றுதான் இதுவரை எழுதினோம். அது எமது பிழை.

தோட்டத் தலைவர்களும் மாதர் தலைவிகளும் சேர்ந்து துரையிடமும் குடும்ப நல உத்தியோகத்தரிடமும் பேசுங்கள். பிள்ளைகளின் போசாக்குக் கூட்டத்துக்குப் பெற்றோர் இருவர் பெயரிலும் அழைப்பு வரவேண்டும். பின்னேரம் வைத்தால் நல்லது. வேலை நேரத்தில்தான் என்றால், போகிறவர் யாராக இருந்தாலும் முழுப்பேர் போட வேண்டும். கிடைக்கும் பதிலை அடுத்த இதழுக்கு முன் எமக்கு எழுதி அனுப்புங்கள்.

அந்தத் தகப்பன் அடுத்த மாதமும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறார். எமது தலைவரும் கூடப் போவார்.