அந்த ஃபார்மை நிரப்பப் போறது நீங்கதான்

போன வருஷம் ஜனவரி. மறுநாள் இன்டர்னல் டெஸ்ட். ராத்திரி பத்தரைக்கு அப்பாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் மூன்று போட்டோ வந்தது. ஒன்பதாவது படிக்கும் தம்பியை ஏலகிரிக்கு மூன்று நாள் அட்வென்சர் கேம்ப் கூட்டிட்டுப் போறாங்களாம். "பாப்பா, இத பாத்து என்ன எழுதணும்னு சொல்லு. காலைல குடுக்கணுமாம்." ஃபார்ம் முழுக்க ஆங்கிலம். நான் கட்டம் கட்டமா டைப் பண்ணி அனுப்ப, அப்பா அதைப் பார்த்துப் பேனாவில் எழுதினார். எனக்கு ஆன நேரம் நான்கு நிமிஷம்.

இதை ஏன் நம்ம இதழில் எழுதுறேன்னு கேட்பீங்க. பள்ளிக்கூடத்துக் கேம்ப்புக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? இருக்கு. நம்மில் பாதிப் பேர் வீட்டில் ஆங்கிலத்தில் வரும் காகிதம் எல்லாம் கடைசியில் நம்ம கைக்குத்தான் வந்து சேரும். பேங்க் ஃபார்ம், இன்ஷூரன்ஸ், தம்பி தங்கச்சியின் ஸ்கூல் சர்க்குலர், எதுவா இருந்தாலும் "காலேஜ் படிக்கிற புள்ள கிட்ட கேளு". அப்பா அம்மா போடுவது கையெழுத்து மட்டும்தான். பதில் எல்லாம் நாம சொல்றது.

அந்த ஃபார்மின் இரண்டாம் பக்கத்தில் ஒரு கட்டம். பிள்ளைக்கு உடல்நலப் பிரச்சினை ஏதாவது உண்டா? நான் 'நில்' என்று போடச் சொன்னேன்.

என் தம்பிக்கு மார்கழி பிறந்தா வீசிங் வரும். ஏழாவது வரைக்கும் தினமும் இன்ஹேலர், இப்போ எப்பவாவது. எனக்குத் தெரியும், அப்பா அம்மாவுக்கும் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா வாய்ஸ் நோட் அனுப்பினாங்க: "வீசிங்னு போட்டா வேணாம்னுடுவாங்கடி, பாவம், ஆசையா இருக்கான்." எனக்கும் அதேதான் தோணுச்சு. அதுக்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் ஒன்பதாவது படிக்கும்போது இதே மாதிரி ஒரு ஃபார்ம் கொண்டு வந்தேன். "பொம்பளப் புள்ளைய ராத்தங்க எப்படி அனுப்புறது" என்று அது கையெழுத்து இல்லாமலே திரும்பிப் போச்சு. மத்தவங்க பஸ் ஏறும்போது நான் கிளாஸில் உட்கார்ந்து ரெக்கார்ட் நோட் எழுதிட்டிருந்தேன். தம்பிக்கு அப்படி ஆகக்கூடாதுன்னு நினைச்சேன். அன்பில் செய்த வேலைதான். நடந்ததை அந்த அன்பு தடுக்கலை.

இரண்டாம் நாள் காலையில் சுவாமிமலை ஏறியிருக்காங்க. சாயங்காலம் கேம்ப் ஃபயர். விறகு ஈரம், ஒரே புகை. இவனுக்கு இழுக்க ஆரம்பிச்சிருக்கு. சாரிடம் சொல்லலை. ஃபார்மில் இல்லைன்னு எழுதியிருக்கோமே, சொன்னா மாட்டிக்குவோமேன்னு பயம். ஒரு மணி நேரம் டென்ட்டுக்குள் தலையணையை மடியில் வெச்சுக்கிட்டு உட்கார்ந்தே இருந்திருக்கான். இன்ஹேலர் எங்கே? வீட்டில், ஃப்ரிட்ஜ் மேலே. பையில் வெச்சா யாராவது பார்த்துடுவாங்கன்னு அம்மாவே எடுத்து வெச்சுட்டாங்க.

கூடப் படுத்திருந்த பையன்தான் ஓடிப்போய் சாரை எழுப்பியிருக்கான். ராத்திரி ஒரு மணிக்கு ஜீப் பிடிச்சு, 14 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, கீழே ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வெச்சாங்க. போற வழியில் சார் வீட்டுக்குப் போன் பண்ணி ஒரே கேள்விதான் கேட்டார்: "உங்க பையனுக்கு வீசிங் உண்டாங்க?" அம்மா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "எப்பவாச்சும் சார்."

விடியறதுக்குள் சரியாயிடுச்சு. இப்போ நல்லா இருக்கான், கிரிக்கெட் ஆடுறான். அதனால்தான் இதை என்னால் எழுத முடியுது.

அப்புறம் அவனை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் போனோம். அவர் திட்டுவார்னு நினைச்சேன். திட்டலை, விளக்கினார். ஏலகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை தோராயமாக 6.5 டிகிரி குறையும், அது நம்ம பத்தாம் வகுப்புப் பாடம். குளிர்ந்த காற்று ஒன்று, மூச்சு வாங்க மலை ஏறியது இரண்டு, விறகுப் புகை மூன்று. வீசிங்கைக் கிளப்பும் மூன்றும் ஒரே நாளில். "ஏறுறதுக்கு முன்னாடி பம்ப் எடுத்துட்டு, நெருப்பு பக்கம் போகாம இருந்திருந்தா முழு கேம்ப்பும் பண்ணியிருக்கலாமே, ஏன் அனுப்ப மாட்டாங்க?" என்றார். நாங்க எதைக் காப்பாத்த பொய் சொன்னோமோ, அதை உண்மை சொல்லியே காப்பாத்தியிருக்கலாம்.

ஆனா பழியை முழுசா எங்க வீட்டு மேலேயே போட்டுக்க நான் தயாரா இல்லை. 'வேணாம்னுடுவாங்க' என்ற பயம் அம்மாவுக்கு எங்கிருந்து வந்தது? போன பேட்ச்சில் ஃபிட்ஸ் வரும்னு உண்மையை எழுதின ஒரு பையனை, டாக்டரையும் கேட்காம, பெற்றோரையும் கூப்பிடாம, பட்டியலிலிருந்து எடுத்துட்டாங்க. அது தெருவுக்கே தெரியும். உண்மை சொன்னவனைக் கழிச்சுவிடும் பள்ளிக்கூடம் அடுத்த வருஷத்துக்கு நாற்பது பொய் ஃபார்ம்களைத் தானே தயார் பண்ணிக்குது. "எதை எழுதினாலும் உங்க பிள்ளையை அதுக்காக நிறுத்த மாட்டோம், எப்படிக் கூட்டிட்டுப் போறதுன்னு உங்ககிட்ட பேசுவோம்" என்று ஒரு வரி ஃபார்மின் தலையில் அச்சடிக்க எவ்வளவு செலவாகும்?

அதுக்குப் பதிலா மூன்றாம் பக்கத்தில் வேறொரு வரி தடிமனா இருந்தது. எந்த விபத்துக்கும் பள்ளி பொறுப்பல்ல என்பதை அறிந்து சம்மதிக்கிறேன். அப்பா அதுக்கும் கீழே கையெழுத்துப் போட்டார்.

அந்தக் கையெழுத்துக்கு என்ன மதிப்புன்னு நம்மளை மாதிரி ஒரு கல்லூரியின் கதையே சொல்லும். 2014 ஜூன் 8. ஹைதராபாத்தில் உள்ள ஒரு இன்ஜினியரிங் கல்லூரியின் மாணவர்கள் இமாச்சலுக்கு டூர் போனாங்க. மண்டி மாவட்டத்தில் பியாஸ் ஆற்றுப் பாறைகளில் இறங்கி போட்டோ எடுத்துட்டிருந்தப்போ, மேலே லார்ஜி அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டாங்க. 24 மாணவர்களும் கூட வந்த டூர் ஏற்பாட்டாளரும் போயிட்டாங்க. இமாச்சல் உயர் நீதிமன்றம் இழப்பீட்டில் மின்வாரியத்தோடு கல்லூரிக்கும் ஒரு பங்கு போட்டது. பிள்ளைகளை அழைச்சுட்டுப் போறவங்களோட பொறுப்பு ஒரு காகிதத்தால் கரைஞ்சு போயிடாது. போகவும் கூடாது.

இந்த வருஷம் செமஸ்டர் லீவில் இருந்ததால், கேம்ப்புக்கு முந்தைய பெற்றோர் கூட்டத்துக்கு நானே போனேன். தம்பி மறுபடியும் போகணும்னு ஒத்தைக் காலில் நின்னான். அரை மணி நேரக் கூட்டம். அதில் இருபது நிமிஷம், போன் ஏன் கொண்டு போகக்கூடாது என்ற சண்டை. மீதியில் சைவச் சாப்பாடு தனியா சமைப்பாங்களா, பணம் ரெண்டு தவணையா கட்டலாமா. கயிறு பற்றி ஒருத்தரும் வாய் திறக்கலை. மலை, கயிறு, காடு, ராத்திரி, இது நாலையும் நம்பித்தானே பிள்ளையை அனுப்புறோம்?

அதனால் நான் கேட்டேன். நீங்களும் கேளுங்க, கூச்சப்படாதீங்க. நாலு வருஷம் ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி படிக்கிறோம், இங்கே கேட்காம எங்கே கேட்கப்போறோம்?

பாறையில் கயிறு கட்டி இறக்கும்போது, இறங்கும் கயிறு போக இன்னொரு பாதுகாப்புக் கயிறு தனியா உண்டா? அதை மேலே ஒருத்தர் பிடிச்சிருப்பாரா? பிள்ளையின் கை நழுவினால் நிறுத்துவது அந்த இரண்டாவது கயிறுதான். கொக்கிகளின் மேல் கிலோநியூட்டன் அளவு பொறிச்சிருக்கும், 22 என்றால் சுமார் 2,200 கிலோ எடையைத் தாங்கும் என்று பொருள். அளவு எதுவும் பொறிக்காத கொக்கி சாவிக்கொத்துக்குத்தான் லாயக்கு. ஹெல்மெட் ஒவ்வொருத்தருக்கும் உண்டா, இல்லை நாற்பது பேருக்குப் பத்தா?

அப்புறம் ஆஸ்பத்திரி. பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து வெச்சிருக்கும் பக்கத்து ஆஸ்பத்திரி எது, எத்தனை நிமிஷம்? ராத்திரி முழுக்க ஒரு வண்டியும் டிரைவரும் அங்கேயே இருப்பாங்களா? எங்க தம்பி விஷயத்தில் அந்த ஜீப் கிடைச்சது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை ஏற்பாடுன்னு சொல்லக்கூடாது.

எனக்கு ரொம்ப முக்கியமாப் படும் கேள்வி இது: மழை வந்தா, புகை தெரிஞ்சா, 'இன்னைக்கு வேணாம், திரும்பலாம்' என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு? பேர் சொல்லுங்க. 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. நம்மளை மாதிரி படிச்சு வேலைக்குப் போன இளைஞர்கள் அதில் நிறைய. அதே ஆண்டில்தான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. இப்போ வனத்துறையே 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு ஒரு திட்டம் தொடங்கி, ஆன்லைனில் பதிவு பண்ணி, வழிகாட்டியோடு அனுப்புது. ஆகவே பாதை காட்டுக்குள் போகுதுன்னா, அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. "அதெல்லாம் பேசிட்டோம்மா" என்பது பதில் இல்லை.

கூட்டத்தில் ரெண்டு பேர் என்னை முறைச்சாங்க. பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா மட்டும், "அந்தப் பொண்ணு கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க சார்" என்றாங்க. பி.டி. சார் எல்லாத்தையும் குறிச்சுக்கிட்டார். கேம்ப் நடத்துறவங்ககிட்ட பேசி, ரெண்டு நாள் கழிச்சு பதில்களை வாட்ஸ்அப் குரூப்பில் தமிழில் போட்டார். பாராட்டணும்.

வீட்டு வேலை தனி. எங்க அம்மா பேக் பண்ணினா ஒரு டப்பா முறுக்கு, ரெண்டு ஜீன்ஸ், ஒரு புது ஷூ. முறுக்கு இருக்கட்டும். நனைஞ்ச ஜீன்ஸ் நாள் முழுக்க காயாது, குளிரில் உடம்போடு ஒட்டிக்கிட்டு நடுக்கும். புது ஷூ முதல் நாளே குதிகாலில் கொப்புளம் போடும். பழைய ஷூவே மேல், இல்லைன்னா புதுசை ரெண்டு வாரம் முன்னாடியே போட்டு நடக்கச் சொல்லுங்க. சாக்ஸ் மட்டும் கணக்கில்லாம வைங்க. முழுப் பையையும் மாட்டிக்கிட்டு ஒரு நாள் மொட்டை மாடிப் படியில் பத்து தடவை ஏறி இறங்கச் சொன்னா, எதை எடுத்து வெளியே வைக்கணும்னு அவங்களே முடிவு பண்ணிடுவாங்க.

மனசு தயாராகிறது இதைவிடக் கஷ்டம். வீட்டை விட்டு ஒரு ராத்திரி கூடத் தங்காத பிள்ளையை நேரா மலைக்கு அனுப்பாதீங்க, முதல்ல பாட்டி வீட்டில் ரெண்டு நாள் அம்மா இல்லாம தங்கிப் பார்க்கட்டும். "பிடிக்கலைன்னா ஒரு போன் பண்ணு, அப்பா வந்து கூட்டிட்டு வந்துடறேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீங்க. முதல் ராத்திரியே அந்த வாக்கைத்தான் நினைச்சுக்கிட்டு படுக்கும். அழுகை வரும், மறுநாள் குறையும்னு உண்மையைச் சொல்லி அனுப்புறது நல்லது. நாம ஹாஸ்டலில் முதல் வாரம் எப்படி இருந்தோம்னு தம்பிங்களுக்குச் சொல்லியிருக்கோமா? நான் பாத்ரூமில் அழுததை முதல் தடவையா இந்த வருஷம்தான் அவனிடம் சொன்னேன்.

ராத்திரி படுக்கையை நனைக்கும் பழக்கம் பத்து வயசுக்கு மேலேயும் சிலருக்கு உண்டு. அதை ஃபார்மில் எழுதக் கூச்சமா இருந்தா, ஒரு டீச்சரிடம் தனியா சொல்லலாம். தங்கச்சி போறான்னா பீரியட்ஸ் தேதி வந்தாலும் வராட்டியும் நாப்கினும் நாலு பழைய பேப்பரும் கவரும் வெச்சு விடுங்க. பெண் டீச்சர் ராத்திரி அதே இடத்தில் தங்குறாங்களான்னு கேளுங்க. 'பொம்பளப் புள்ள' என்று மறுக்கும் அப்பாவுக்குப் பெண்ணுரிமை பேசினா எடுபடாது, நான் பேசிப் பார்த்திருக்கேன். யார் கூட இருப்பாங்க, எங்கே படுப்பாங்க, கழிவறை எவ்வளவு தூரம், கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா, இதுக்குப் பதில் கையில் இருந்தால் அப்பாக்கள் இறங்கி வருவாங்க. அன்னைக்கு எனக்காக இதையெல்லாம் கேட்டுச் சொல்ல வீட்டில் ஒரு அக்கா இல்லை.

இந்தத் தடவை ஃபார்ம் எனக்கு வாட்ஸ்அப்பில் வரலை. நான் வீட்டில்தான் இருந்தேன். தம்பி தானே எழுதட்டும்னு பேனாவைக் கொடுத்துட்டேன். அந்தக் கட்டம் வந்ததும் என்னை ஒரு தடவை பார்த்தான். அப்புறம் கோடு தாண்டிப் போற அளவுக்கு நீளமா எழுதினான்: வீசிங் உண்டு, குளிரிலும் புகையிலும் வரும், பம்ப் பையின் மேல் ஜிப்பில் இருக்கு, இன்னொன்று சாரிடம் கொடுத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் ரெண்டு ஸ்பெல்லிங் தப்பு. நான் திருத்தலை. அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்து, என்ன எழுதியிருக்கான்னு என்னைத் தமிழில் படிக்கச் சொல்லி, முழுசும் கேட்டுட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.